'ஃபால்ட்டி' டப்பாவில் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி, கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் ஆய்வக அலமாரிகளில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கும். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் 'ஃபால்ட்டி' என்று எழுதியிருக்கும். உள்ளே, நாம் எழுதும் ப்ரோக்ராமை ஏற்றி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டுகள்: ஆர்டுயினோ யூனோ நாலு, நானோ ஆறேழு, ஓரிரண்டு இஎஸ்பி32. இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்க நெருங்க டப்பா நிறையும். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருக் கடைகளில் புது போர்டுக்குக் கூட்டமும் கூடும். அந்த டப்பாவில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்கு ப்ரோக்ராம் போகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பழியை போர்டு சுமக்கிறது.

இந்த வேலைக்கு நம் மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோடு டம்ப் பண்றது'. 8051 சிப் காலத்தில் அது கண்ணுக்குத் தெரிந்த வேலை. சிப்பை போர்டிலிருந்து நெம்பி எடுத்து, ப்ரோக்ராமை எழுதும் கருவியான பர்னரின் சாக்கெட்டில் வைத்து, கைப்பிடியைச் சாய்த்து, ஏற்றி முடித்துத் திரும்பவும் போர்டில் செருக வேண்டும். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ அந்தச் சிரமத்தை ஒழித்தது. சிப்புக்குள்ளேயே 'பூட்லோடர்' என்ற குட்டி ப்ரோக்ராம் ஒன்று குடியிருக்கும். புது ப்ரோக்ராமை யூஎஸ்பி வழியாக வாங்கி நினைவகத்தில் எழுதுவது அதன் வேலை. பயனருக்கு மிஞ்சியது, ஆர்டுயினோ ஐடிஇ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் அப்லோடு என்ற ஒரே ஒரு பொத்தான். வேலை எளிதானது, கூடவே எங்கே தப்பு நடக்கிறது என்பதும் மறைந்துபோனது.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது இது. எழுதிய கோடு முதலில் கம்பைல் ஆகிறது, அதாவது சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாறுகிறது. பிறகு கம்ப்யூட்டர், போர்டில் இருக்கும் யூஎஸ்பி சிப்பிடம் பேசுகிறது. யூனோ ஒரிஜினலில் அது ஏடிமெகா16யூ2. பிற நிறுவனங்கள் நகலாகச் செய்யும் குளோன்களில் பெரும்பாலும் சிஎச்340. அந்தச் சிப் தன் டிடிஆர் என்ற சிக்னல் லைனின் மின்னழுத்தத்தை இறக்குகிறது, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாக அந்த இறக்கம் முதன்மைச் சிப்பான ஏடிமெகா328பி-யை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆனதும் பூட்லோடர் விழித்துக்கொண்டு சுமார் ஒரு நொடி காது கொடுக்கும். அதற்குள் சரியான வேகத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லும். இல்லையென்றால் பழைய ப்ரோக்ராமை ஓட்டப் போய்விடும். திரையில் 'நாட் இன் சிங்க்' என்று பத்து முறை வரிசையாக வருகிறதே, அதன் பொருள் 'பத்து தடவை கூப்பிட்டேன், ஒழுங்கான பதில் வரவில்லை' என்பதுதான். போர்டு செத்துவிட்டது என்று அந்த வரி சொல்லவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வந்தாலே 'அப்லோடு ஆகல சார்' என்று போர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதி நேரம் அது அரைப்புள்ளி விட்டுப்போன கம்பைல் பிழை. அல்லது லைப்ரரி இன்ஸ்டால் செய்யாததால் 'நோ சச் ஃபைல்' என்று வரும் வரி. போர்டைச் செருகாமலேயே டிக் குறியுள்ள வெரிஃபை பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் அதே பிழை வந்தால் போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெரிஃபை சரியாக வந்து அப்லோடு மட்டும் மறுத்தால், கேபிளிலிருந்து தொடங்குங்கள். யூஎஸ்பி 2 கேபிளில் நாலு கம்பி: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, வெள்ளையும் பச்சையும் டேட்டா. பவர் பேங்க், டிரிம்மர், இயர்பட் டப்பாக்களில் இலவசமாக வரும் சில கேபிள்களில் வெள்ளையும் பச்சையும் இருப்பதே இல்லை. போர்டில் பவர் எல்இடி ஜம்மென்று எரியும்; கம்ப்யூட்டருக்கோ எதுவும் செருகியதாகவே தெரியாது. யூனோவுக்கு வரும் சதுர முனை பிரிண்டர் கேபிளில் இந்தத் தொல்லை அபூர்வம். நானோ, இஎஸ்பி32 வகையறாக்களின் மினி, மைக்ரோ, டைப்-சி கேபிள்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். சோதிக்க மீட்டர் வேண்டாம். அந்தக் கேபிளுக்குப் பொருந்தும் செல்போனைச் செருகி கம்ப்யூட்டரில் போட்டோக்கள் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும். டைப்-சி வைத்த மலிவு போர்டுகளில் இன்னொரு வம்பு: இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் போட்டால் எல்இடிகூட எரியாது. டைப்-சி வாயில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை இல்லாமல் லேப்டாப் மின்சாரமே விடாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளுக்கு மாற்றினால் அதே போர்டு எழுந்துகொள்ளும்.

விண்டோஸில் காதாலேயே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக் கேபிளைச் செருகுங்கள். பவர் எல்இடி எரிந்தும் 'டுடுங்' சத்தம் வரவில்லையென்றால் கேபிளையோ போர்டின் யூஎஸ்பி வாயையோ சந்தேகப்படுங்கள். சத்தம் வந்தும் ஐடிஇ-யின் டூல்ஸ் மெனுவில் புது போர்ட் (போர்டோடு கம்ப்யூட்டர் பேசும் வாசல்) தோன்றவில்லையென்றால் டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும். சிஎச்340 குளோன்களுக்கு விண்டோஸ் 10, 11 தாமாகவே டிரைவரை இறக்கிக்கொள்ளும், இன்டர்நெட் இருந்தால். பள்ளி ஆய்வகங்களில் அதுதானே இருப்பதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் நாற்பது கம்ப்யூட்டருக்கும் ஆகும். நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும் என்பதை ஆய்வக வகுப்புக்கு முந்தைய நாளே நினைவில் வைக்க வேண்டும். சில ஆய்வகங்களில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடும் பாதுகாப்பு மென்பொருள் ஓடும். அங்கே இன்று போட்ட டிரைவர் நாளைக் காலையில் இருக்காது. 'நேத்து வேலை செஞ்சுது சார், இன்னைக்கு போர்டு போச்சு' என்ற புகார் பிறப்பது இப்படித்தான். அந்தப் பூட்டைத் திறந்து டிரைவரை ஏற்றிவிட்டு மறுபடி பூட்ட வேண்டும்.

லினக்ஸில் சிஎச்340-க்குத் தனி டிரைவர் வேண்டாம், அனுமதிதான் வேண்டும். பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப வர வேண்டும். சேர்த்துவிட்டு லாக்-அவுட் செய்யாமல் உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி மென்பொருள் 'பிஆர்எல்டிடிஒய்', சிஎச்340-ஐத் தன்னுடைய கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தோன்றி மறையும். பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டுயினோ ஐடிஇ 2 வரிசைக்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். குறைந்த ரேமில் அது தவழும். 1.8.19 பதிப்பு விண்டோஸ் 7-இலும் ஓடும். பள்ளி ப்ராஜெக்டுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

போர்ட் எது என்று ஊகிக்க வேண்டாம். மெனுவைத் திறந்து பட்டியலைப் பாருங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், மறுபடி பாருங்கள். காணாமல் போன எண்தான் உங்கள் போர்டு. டெஸ்க்டாப்புகளில் காம் 1 என்று ஒன்று எப்போதும் நிற்கும். அது பெரும்பாலும் மதர்போர்டோடு வந்தது. 'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால் வேறு ஜன்னலில், போர்டோடு எழுத்துகளைப் பரிமாறிக் காட்டும் சீரியல் மானிட்டரோ, போர்டோடு பேசும் வேறு மென்பொருளோ திறந்திருக்கிறது. ஒரு போர்ட்டில் ஒருவர்தான் பேச முடியும்.

இனி நானோ. டப்பாவில் அதிகம் கிடப்பது இதுதான். மிக அநியாயமாகத் தண்டனை பெறுவதும் இதுதான். 2018 முதல் ஆர்டுயினோ தன் நானோக்களில் புது பூட்லோடரை வைத்து அனுப்புகிறது. அது 115200 பாட் வேகத்தில் கேட்கும். பழைய பூட்லோடர் கேட்பது 57600-இல். குளோன் தயாரிப்பவர்கள் பலர் இன்றும் பழையதையே ஏற்றுகிறார்கள். ஆகவே நேற்று வாங்கிய புத்தம்புது நானோவும் 'நாட் இன் சிங்க்' என்று அடம்பிடிக்கும். டூல்ஸ் மெனுவில் ப்ராசஸர் என்ற வரியில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சொடுக்கில் முடிந்தது. அதற்கும் மசியாமல் 'சிக்னேச்சர்' (சிப்பின் அடையாள எண்) பொருந்தவில்லை என்று வந்தால், போர்டில் இருப்பது வேறு சிப். சிப்பின் முதுகில் லென்ஸ் வைத்துப் படித்தால் 168 என்றோ 328பிபி என்றோ இருக்கும். 168 அதே மெனுவில் உண்டு, ஆனால் நினைவகம் பாதிதான், 16 கேபி. 328பிபி-க்குத் தனி போர்டு பேக்கேஜ் சேர்க்க வேண்டும்.

அடுத்தது 0, 1 எண்ணுள்ள பின்கள். புளூடூத் எச்சி-05, ஜிபிஎஸ், ஜிஎஸ்எம் மாட்யூல் எதுவானாலும் மாணவர்கள் நேரே கொண்டுபோய்ச் சொருகும் இடம் இது. யூஎஸ்பி சிப்பும் முதன்மைச் சிப்பும் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிகளும் இவையேதான். யூனோவில் யூஎஸ்பி சிப்புக்கும் இந்தப் பின்களுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் உண்டு. மாட்யூலோ நேராக இணைந்திருக்கிறது. எனவே இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் மாட்யூலின் குரல்தான் ஜெயிக்கும், கம்ப்யூட்டரின் குரல் அமுங்கிப்போகும். அப்லோடு செய்யும்போது மட்டும் 0 பின்னில் உள்ள வயரைப் பிடுங்கி, முடிந்ததும் திரும்பச் செருகலாம். அதைவிட நல்லது, 9600 பாட் போதுமான மாட்யூல்களை 10, 11 பின்களுக்கு மாற்றி சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியால் பேசவைப்பது. ரிவ்யூ மேசையில் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகும் படபடப்பு மிச்சம்.

மோட்டார், ரிலே, சர்வோ எல்லாவற்றையும் மாட்டியபடியே ஏற்றுவதும் வம்பு. யூனோவின் யூஎஸ்பி வழியில் 500 மில்லி ஆம்பியருக்கான பாலிஃபியூஸ் என்ற பாதுகாப்பு ஃபியூஸ்தான் இருக்கிறது. சர்வோ ஒரு உதறு உதறினால் மின்னழுத்தம் சரிந்து, போர்டு ரீசெட் ஆகி, அப்லோடு பாதியில் அறும். முதலில் போர்டை மட்டும் தனியாக வைத்து, எல்இடியைச் சிமிட்டவைக்கும் 'பிளிங்க்' எக்சாம்பிளை ஏற்றிப் பாருங்கள். ஆயிரம் பைட்கூட வராத குட்டி ப்ரோக்ராம் அது; யூனோவில் இருக்கும் இடம் 32,256 பைட்.

இத்தனைக்கும் மசியாத போர்டுக்கு 'லூப்பேக்' என்று ஒரு சோதனை உண்டு. இரண்டு ஜம்பர் வயர், இரண்டு நிமிடம். ஒரு வயரால் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் இணையுங்கள். முதன்மைச் சிப் தூங்கிவிடும். இன்னொரு வயரால் 0, 1 பின்களை ஒன்றோடொன்று இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து 'வணக்கம்' என்பதற்குப் பதில் நாலு ஆங்கில எழுத்தைத் தட்டி அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், போர்ட் எண், யூஎஸ்பி சிப் நாலும் நலம். கோளாறு முதன்மைச் சிப்பிலோ பூட்லோடரிலோ ரீசெட் லைனிலோதான். எதுவும் திரும்பவில்லையென்றால் கோளாறு அந்த நாலில் ஒன்றில். இந்த ஒரே சோதனை டப்பாவை இரண்டாகப் பிரித்துவிடும். சிப்பின் பக்கம்தான் என்று தெரிந்தால் வயர்களை எடுத்துவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். 'எல்' என்று குறித்த எல்இடி படபடவென்று சிமிட்டினால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. ரீசெட் செய்யும் அந்தக் கெபாசிட்டர் வழிதான் அறுந்திருக்கும். 'அப்லோடிங்' என்று வரும் கணத்தில் கையாலேயே ரீசெட்டை அழுத்தி விட்டால் ஏறிவிடும். இரண்டு மூன்று தடவையில் கைக்கு அந்தக் கணம் பிடிபடும்.

சிமிட்டவே இல்லையென்றால் பூட்லோடர் அழிந்திருக்கலாம். இன்னொரு நல்ல யூனோவை வைத்துத் திரும்ப எழுதலாம். நல்ல யூனோவில் எக்சாம்பிள்ஸ் பட்டியலில் உள்ள 'ஆர்டுயினோ ஐஎஸ்பி'யை ஏற்றுங்கள். அதன் 11, 12, 13 பின்களை நோயாளி போர்டின் அதே எண்களோடும், 10-ஐ நோயாளியின் ரீசெட்டோடும், 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் அவற்றின் ஜோடிகளோடும் இணையுங்கள். ஏற்றி முடித்த பிறகு, முன்னால் அல்ல, நல்ல யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள், மைனஸ் கால் கிரவுண்டில். அது இல்லாவிட்டால் நல்ல போர்டே ரீசெட் ஆகி, தன் பூட்லோடரைக் கொண்டு பதில் சொல்லிக் குழப்பும். ப்ரோக்ராமர் மெனுவில் 'ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி' என்பதைத் தேர்ந்தெடுத்து 'பர்ன் பூட்லோடர்' கொடுங்கள். அதே மெனுவில் 'ஆஸ்' இல்லாமல் 'ஆர்டுயினோஐஎஸ்பி' என்றும் ஒன்று இருக்கும். அது வேறு கருவி. அந்தப் பெயரை வைத்தவர்கள் மேல் கோபம் வருவது நியாயமே.

உண்மையிலேயே செத்த போர்டு எப்படி இருக்கும்? செருகியதும் பவர் எல்இடி மங்கும், சிப்பில் விரல் வைக்க முடியாமல் சுடும், 'பவர் சர்ஜ்' என்று விண்டோஸ் கத்தும். 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தவர்களின் கைவண்ணம் அநேகமாக இப்படித்தான் முடியும். அப்போதும் யூனோ நீளச் சிப் சாக்கெட்டில் செருகிய வகையாக இருந்தால், பூட்லோடர் ஏற்றிய 328பி சிப் ஒன்றை வாங்கி மாற்றிப் பார்க்கலாம். சிப்பின் ஒரு முனையில் உள்ள அரைவட்ட வெட்டு சாக்கெட்டின் வெட்டோடு சேர வேண்டும். சதுரச் சிப் ஒட்டிய வகையில் இது முடியாது.

இஎஸ்பி32-இன் குணம் வேறு. ரீசெட் ஆகும் நொடியில் ஜிபிஐஓ 0 என்ற பின்னின் மின்னழுத்தம் கீழிறங்கி இருந்தால்தான் ப்ரோக்ராமை வாங்கிக்கொள்ளும். போர்டே அதைச் செய்ய வேண்டும். மலிவு போர்டுகளில் தவறும். 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடித்து, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யவேண்டி வந்தால் இஎன் (ரீசெட்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் பற்றவைத்தால் பெரும்பாலும் தீரும். ஜிபிஐஓ 12-இல் எதையாவது இணைத்து அது மேலேறி நின்றால் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போய், போர்டு கிளம்பவே கிளம்பாது. அந்த வயரை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். பாதியில் அறுந்தால் வேகத்தை 921600-இலிருந்து 115200-க்கு இறக்குங்கள். யூஎஸ்பியே இல்லாத கேமரா வகைக்குத் தனி யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூல் வேண்டும். ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டில் சேர்த்து ஏற்றிய பிறகு அந்த வயரை எடுத்து ரீசெட் அழுத்தாவிட்டால், ஏறியும் ஓடாது. ராஸ்பெர்ரி பை பிக்கோ, மைக்ரோபிட் போர்டுகளில் இந்த அவஸ்தை இல்லை. பென்டிரைவ் போலத் தோன்றும், ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. பிக்கோவுக்கு மட்டும் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருக வேண்டும். டேட்டா கம்பி உள்ள கேபிள் அங்கேயும் கட்டாயம்.

பள்ளிகளில் மத்திய அரசுத் திட்டமான அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்காகவும் பிற திட்டங்களிலும் போர்டுகள் மொத்தமாக வாங்கப்படுகின்றன. கொள்முதல் ஆணையில் 'ஆர்டுயினோ யூனோ - 25' என்று மட்டும் எழுதினால் எது வேண்டுமானாலும் வரும். யூஎஸ்பி சிப் எது, சாக்கெட்டில் கழற்றும் சிப்பா ஒட்டிய சிப்பா, நானோ என்றால் பூட்லோடர் புதிதா பழையதா, டேட்டா கேபிள் எண்ணிக்கை எத்தனை, இவற்றையும் எழுதுங்கள். போர்டுக்கு ஒன்று வீதம் கேபிளும், ஐந்துக்கு ஒன்று உபரியும் வேண்டும். முதலில் பழுதாவது கேபிள்தான். ரிச்சி தெரு வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கவரின் மேல் 'சிஎச்340, ஓல்டு பூட்லோடர்' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் திரும்பி வரும் போர்டுகள் குறையும். கவுன்டரில் ஒரு லேப்டாப்பை வைத்து பிளிங்க் ஏற்றிக் காட்டியே விற்கலாம்.

ஆய்வகப் பொறுப்பாளர்கள் அந்த ஸ்வீட் டப்பாவை இந்த வாரமே மேசையில் கவிழ்த்து, ஒரு நல்ல கேபிளோடு லூப்பேக் சோதனையைத் தொடங்கலாம். தேறியதன் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, யூஎஸ்பி சிப்பின் பெயரையும் ப்ராசஸர் மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். டேட்டா கம்பி இல்லாத கேபிள் கண்ணில் பட்டால் அலமாரியில் திரும்ப வைக்காமல் கத்தரித்துவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் பிரெட்போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்க உதவும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.